பின்கயிறு

“உன்ர அண்ணன் கலியாணம் முடிச்சாப் பொறகு இந்தக் கயித்த ஆர் புள்ள பிடிக்கிறது?”

அப்துல் றசாக் நானா பகிடியாகத்தான் கேட்டார். அவர் மன்னார் பட்டினத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். கரண்ட் வெட்டுத் தொடங்கிய நாளிலிருந்து கடைப் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கரையோரத் தாழ்வுபாட்டுக்கு வந்து, பெனடிக்றின் காற்றாடியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போவது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. அன்று அவர் வந்த நேரம் காற்றாடிக் கம்பத்தைச் சரித்துக்கொண்டிருந்தார்கள். குதிக்காலை மணலில் புதைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கயிற்றை விரல் விரலாக விட்டுக்கொண்டு நின்ற றிப்காவைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி வந்தது.

றிப்கா யாருக்கும் பதில் சொல்வதில்லை என்பது ஊர் அறிந்த விசயம். கம்பத்தைத் தோளில் ஏந்திக்கொண்டிருந்த அண்ணன் பெனடிக்ற்தான் சிரித்துக்கொண்டு சொன்னான்.

“கட்டினாலும் கயிறு அவளுக்குத்தான் நானா. வாறவளிட்ட என்ர தலையைக் குடுக்க ஏலுமே?”

அந்தச் சொல்லை றிப்கா அலுமாரிக்குள் நகை வைப்பது போல எடுத்து வைத்துக்கொண்டாள்.

தலையைக் கொடுப்பது என்றது வெறும் பேச்சல்ல. கம்பத்தின் அடி ஒரு சீமெந்துக் கட்டையில் தடித்த போல்ட்டில் மாட்டியிருந்தது. பிணைச்சலில் கதவு ஆடுவது போல அது நிமிரும், சாயும். நாலு பக்கமும் நாலு நைலோன் கயிறு. கம்பிக் கயிறு உப்புக் காற்றில் ஒரு பருவம் தாங்காது. மணலில் கட்டை அடித்தாலும் நிற்காது என்று, உடைந்த வள்ளங்களின் நங்கூரங்களைத் தேடி எடுத்து ஆழமாகப் புதைத்து, மேலே தெரிகிற வளையங்களில்தான் கயிறுகளைக் கட்டியிருந்தார்கள். அதில் தென்மேற்கே சோழகக் காற்று வரும் பக்கத்துக் கயிறுதான் பின்கயிறு. கம்பத்தை இறக்கும்போதும் ஏற்றும்போதும் பாரம் முழுவதும் அந்த ஒரு கயிற்றில்தான் தொங்கும். பெனடிக்ற் கம்பத்துக்குக் கீழே தோள் கொடுத்து நிற்பான். கயிற்றை நங்கூர வளையத்தில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, விட்டும் பிடித்தும் நிற்பவள் றிப்கா. அவள் கை தவறினால் இரும்புக் குழாயும் மோட்டரும் இறக்கைகளும் சேர்ந்து அண்ணனின் தலையில் வரும். அதனால் அந்த நேரம் அவன் வேறு ஒருவர் பேச்சையும் கேட்கமாட்டான். “விடு” என்பான், அவள் விடுவாள். “பிடி” என்பான், பிடிப்பாள். உலகத்தில் அந்த இரண்டு சொல்லுக்குத்தான் அவளிடம் தட்டாமல் மறுமொழி இருந்தது. வாயில் அல்ல, கையில்.

பள்ளிக்கூடத்தில் அது எடுபடவில்லை. “எழும்பி வாசி” என்று ரீச்சர் சொன்ன ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்துக்கொள்ளும். பின்வரிசை வாங்கிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். பத்தாம் வகுப்பின் நடுவில் ஒருநாள் காலை புத்தகப் பையைத் தூக்காமல் கிணற்றடியில் போய் இருந்தாள். மறுநாளும் போகவில்லை. அம்மா ஏசினாள், அழுதாள், மடத்துச் சிஸ்டர் ஒருவரைக் கூட்டிவந்து புத்தி சொல்லுவித்தாள். பெனடிக்ற் மட்டும், “விடணை அம்மா, எனக்கும் இஞ்ச ஒரு ஆள் வேணும்” என்றான். 

அந்த “ஒரு ஆள்” ஆக இருந்துதான் அவள் இருபது வயதுக்கு வந்தாள்.

காற்றாடியையும் அப்படித்தான் செய்தார்கள். றசாக் நானாவின் இரும்புக் குவியலில் கிடந்த ஒரு பழைய வாசிங் மெசினிலிருந்து காந்தம் வைத்த மோட்டரைக் கழற்றி வந்தான் பெனடிக்ற். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பெரிய பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து இறக்கை வெட்டினான். ஓரங்களை உப்புத்தாளால் உரஞ்சுவது றிப்காவின் வேலை. பெருவிரலை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும் வரை உரஞ்சுவாள். பிறகு ஒவ்வொரு இறக்கையையும் மீன் தராசில் தொங்கவிட்டு, பாரமானதை இன்னும் கொஞ்சம் உரஞ்சுவாள். காற்றாடியிலிருந்து பற்றரிக்கு, பற்றரியிலிருந்து கிணற்றுக்குள் இறக்கிய சின்னத் தண்ணீர் மோட்டருக்கு என்று வயர் போனது. வள்ளத்துக்குள் தேங்கும் தண்ணீரை இறைக்கிற மோட்டர் அது. காற்று அடித்தால் மேலே தண்ணீர்த் தாங்கி நிரம்பும். கத்தரியும் மிளகாயும் நனையும்.

பக்கத்து வெறும் வளவில்தான் காற்றாடியை நட்டார்கள். கிணறும் அங்கேதான். வேலியில் ஒரு பொட்டு வெட்டி, குனிந்து போய் வந்தார்கள்.

அடுத்த வருசம் மண்ணெண்ணெய் இல்லாமல் போனது, பெற்றோல் இல்லாமல் போனது, கரண்டும் பாதி நாள் இல்லாமல் போனது. ஊரே அந்த வளவுக்கு வந்தது. போன், ரோச் லைற், வள்ளத்துப் பற்றரி என்று கொண்டுவந்து வைத்துவிட்டு, கைம்மாறாக ஒரு கோர்வை மீனோ ஒரு தேங்காயோ வைத்துவிட்டுப் போவார்கள். “கரையில கரண்டுக்காரர் நட்ட அந்தப் பெரிய காத்தாடியள் ஆருக்கோ சுத்துது, எங்கட குட்டி எங்களுக்குச் சுத்துது” என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் “பெனடிக்றின்ர காத்தாடி” என்றுதான் சொன்னார்கள். றிப்காவுக்கு அதில் குறையில்லை. கயிறு தன்னுடையது என்பது அவளுக்குத் தெரியும்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு அண்ணனுக்குக் கலியாணம் நடந்தது.

தக்சிகா நானாட்டான் ஊர்ப் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பெண். மடு மாதா கோயில் திருவிழாவில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில் தங்கிய இடத்தில் பழக்கமாகி, பழக்கம் முற்றி, பங்குச் சுவாமி கோயிலில் கலியாண ஓலை வாசிக்கும் வரை வந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டோடு போவதுதான் வழக்கம். பெனடிக்ற் கடலை விட்டுப் போகமாட்டேன் என்றான். அம்மாவின் வீடு றிப்காவுக்குச் சீதனம். ஆகவே பக்கத்து வளவில், காற்றாடிக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில், தகரம் போட்ட ஒரு அறையும் குசினியும் எழும்பின.

“மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்குப் போறதுதான் கண்டிருக்கிறம். இஞ்ச பொம்பிளை எல்லோ கடலுக்கு இறங்கியிருக்கிறா,” என்று கருவாடு காயவைக்கும் பெண்கள் அவள் காதில் விழத்தான் சொன்னார்கள்.

“என்ன மாமி செய்யிறது, உங்கட கடலை வண்டிலில ஏத்திக்கொண்டு போக ஏலாதாமே!” என்றாள் தக்சிகா.

அவர்கள் சிரித்துப் போனார்கள். ஒரு மாதத்துக்குள் அந்தப் பெண்கள் தங்கள் மருமக்களைப் பற்றிய குறைகளை எல்லாம் அவளிடம் கொட்டத் தொடங்கினார்கள். பிறந்ததிலிருந்து அதே கரையில் நடந்து திரிந்த றிப்காவிடம் அவர்கள் “அம்மா எங்க பிள்ளை?” என்பதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை.

கரண்ட் எடுக்க வருகிறவர்கள் இப்போது தக்சிகாவைத்தான் கூப்பிட்டார்கள். எந்த வயர் எந்தப் பற்றரிக்கு என்று அவள் கேட்டுப் படித்துவிட்டாள். ஒருநாள் காற்றாடிக்குக் கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, இது காத்துக்கு முகம் குடுக்காமல் தலையைத் தலையை ஆட்டுது பாருங்கோ. நாங்கள் நெல்லுத் தூத்தேக்க காத்தைப் பாத்துத்தான் நிக்கிறனாங்கள். இதுக்கு வால் காணாது.”

“வால் அளவு சரிதான்,” என்றான் பெனடிக்ற், காற்றாடியின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த தகரத்தைப் பார்த்து.

“தகரம் சரி. காம்பு கட்டை. காம்பை நீட்டுங்கோவன்.”

நீட்டினான். காற்றாடி தலையை ஆட்டுவதை விட்டது. சோழகத்தை நேரே பார்த்துக்கொண்டு, சீரான ஒரே இரைச்சலில் சுற்றியது.

“பாத்தியோ றிப்கா! இவ்வளவு நாளும் எங்கட ரெண்டு மண்டைக்கும் வரேல்லைப் பார்!” என்று அவன் வேலிக்கு மேலால் கத்தினான்.

றிப்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை அசைத்தாள். காற்றாடி அழகாகத்தான் சுற்றியது. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியவில்லை. பழைய ஆட்டத்தோடு, அந்தக் கிறுக்குத் தலையோடு சுற்றியது அவளுடைய காற்றாடி. இது வேறு யாருடையதோ போல இருந்தது. இரவில் பாயில் கிடக்கும்போதும் அந்தப் புதிய இரைச்சல் வேலியைத் தாண்டி வந்தது. காதைப் பொத்தினால் விரலுக்குள்ளாலும் கேட்டது.

அப்போதும் கயிறு இருந்தது. மோட்டரின் போல்பேரிங் உப்பில் இறுகும். கிறீஸ் போடக் கம்பத்தைச் சரிக்க வேண்டும். அந்த நாள் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

அந்த நாள் அவளுக்குச் சொல்லாமல் வந்தது. காலையில் முற்றம் கூட்டும்போது “மெல்ல, மெல்ல, விடு” என்று அண்ணனின் குரல் கேட்டது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் பொட்டுக்குள்ளால் குனிந்து ஓடினாள். கம்பம் பாதி சரிந்திருந்தது. பெனடிக்ற் தோள் கொடுத்துக்கொண்டிருந்தான். நங்கூர வளையத்துக்குப் பக்கத்தில், கால்களை அகட்டிக்கொண்டு, நீளச் சட்டையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு நின்றது தக்சிகா. முகம் சிவந்து, சிரிப்பு வேறு.

“ஐயோ இது இழுக்குதப்பா! எருமைக் கடா மாதிரி இழுக்குது!”

“கதைக்காமல் பிடியடி. ஆ, அப்பிடித்தான். கை மாத்து. நல்லா வருது.”

றிப்கா வேலியோரம் நின்றாள். கம்பம் தரையில் படுத்த பிறகுதான் பெனடிக்ற் அவளைக் கண்டான்.

“நீயோ? விடிய வெள்ளன எழுப்ப வேண்டாமெண்டு விட்டனான்.”

அவள் ஒருநாளும் விடிந்த பிறகு படுத்திருந்ததில்லை. அது அவனுக்குத் தெரியாததா?

“மச்சாள், நல்ல நேரம் வந்தீங்கள். கையைப் பாருங்கோ எனக்கு!” என்று தக்சிகா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கயிறு தேய்த்த சிவப்புக் கோடு அதில் ஓடியிருந்தது. பெனடிக்ற் கிறீஸ் பூசிய கையைத் துடைத்துவிட்டு வந்து, அந்தக் கையைப் பிடித்து ஊதினான்.

றிப்காவின் கையில் அந்தக் கோடு காய்ந்து தழும்பாகி எத்தனையோ காலம். அதை ஊத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அவளுக்கே தோன்றியதில்லை. இப்போதுதான் தோன்றியது.

அன்று அவள் சாப்பிடவில்லை. கடவுளே, வந்தவளுக்கு அங்கே நானாட்டானில் சொந்த வீடு இருக்கிறது, சொந்த வயல் இருக்கிறது, வாயில் சொல்லுக்குப் பஞ்சமில்லை, ஊரே அவள் பக்கம் திரும்பிவிட்டது. இந்த ஒரு கயிறும் அவளுக்கு வேண்டுமா?

பின்கயிற்றை பெனடிக்ற் எப்போதும் ஒரே விதமாகத்தான் கட்டுவான். கரையில் எல்லோரும் கட்டுகிற கட்டு அது. எவ்வளவு பாரம் வந்தாலும் நிற்கும். தொங்குகிற கயிற்று நுனியை, அதன் வாலை, ஒரு இழுப்பு இழுத்தால் முழுவதும் அவிழ்ந்துவிடும். கடலில் கட்டு அப்படித்தான் இருக்க வேண்டும். வலை கடலடிப் பாரில் சிக்கி வள்ளம் சரிந்தால் முடிச்சு அவிழ்த்துக்கொண்டு நிற்க நேரம் இராது. விசர்க் காற்று அடித்தால் கம்பத்தையும் கெதியாக இறக்க வேண்டுமே என்று அதையே இங்கேயும் கட்டினான். தொங்குகிற கயிற்று வாலைத் தொடக்கூடாது என்பது அந்தக் கரையில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

தக்சிகாவின் ஊரில் கயிறு என்றால் மாட்டுக் கயிறு. அந்தக் கட்டு இழுக்க இழுக்க இறுகும்.

ஆடி மாதம். சோழகம் பேயாட்டம் ஆடிய ஒரு காலை. வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயோடு பெனடிக்ற் வெகுநாளைக்குப் பிறகு கடலுக்குப் போயிருந்தான். றிப்கா வேலிக்கு இந்தப் பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் பின்கயிறு வீணை நரம்பு போல அதிர்ந்து இரைந்தது. அந்தச் சத்தம் கேட்டுத் தக்சிகா குசினியிலிருந்து வெளியே வந்தாள். கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அண்ணாந்து காற்றாடியைப் பார்த்தாள். கட்டு நெகிழ்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, நங்கூரத்தடியில் குந்தினாள். தொங்கிய வாலைக் கையில் எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

இறுக்கப் போகிறாள் என்று றிப்காவுக்கு விளங்கியது. இவளுக்குத் தெரியாது என்றும் விளங்கியது.

நேரம் இருந்தது. “மச்சாள்” என்ற ஒரு சொல் போதும். வாயைத் திறந்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது. “எழும்பி வாசி” என்றபோது அடைத்த அதே இடம். ஆனால் அது அதுவல்ல. அன்று சொல் வரவில்லை. இன்று சொல் வந்து நாக்கில் நின்றது. அவள்தான் வாயை மூடினாள்.

தக்சிகா காலை ஊன்றி, முழுப் பலத்தோடு இழுத்தாள்.

கட்டு பூப் போல அவிழ்ந்தது. கயிறு வளையத்துக்குள்ளால் சீறிக்கொண்டு போனது. சோழகம் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது போலக் கம்பம் மறுபக்கம் சாய்ந்து, முதலில் மெல்ல, பிறகு ஒரே வீச்சில் விழுந்தது. இறக்கைகள் தரையில் அடித்துச் சிதறின. ஒரு துண்டு பறந்து வந்து கிடுகு வேலியில் குத்தி நின்றது. வளவோரத்தில் அம்மா மீன் காயவைக்கும் கருவாட்டுப் பந்தல் நொறுங்கியது.

அந்தப் பந்தலில் கொஞ்சம் முன்னர்தான் அம்மா மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போயிருந்தாள். அம்மா அங்கே நிற்கிறாளா என்று தான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் றிப்காவுக்கு உறைத்தது. கத்தியைக் கீழே வைத்தாள். நிமிர்ந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், வெறும் கயிற்று நுனியைக் கையில் பிடித்தபடி தக்சிகா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் கடலால் வந்த பெனடிக்ற் வளவுக்குள் கால் வைத்ததும் தலையில் கை வைத்தான்.

“கழுதைதானே? எனக்குத் தெரியும். ரெண்டு நாளா ஒரு கழுதை உதில முதுகு தேய்ச்சுக்கொண்டு நிண்டது.”

“கழுதையாத்தான் இருக்கும்,” என்றாள் அம்மா. “ரோட்டு முழுக்கக் கழுதை. ஆர் கேக்கிறது?”

றிப்கா உடைந்த இறக்கைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கழுதை என்றே போகட்டும் என்று நினைத்தாள். அப்படிப் போயிருந்தால் எவ்வளவு நல்லது.

“கழுதை இல்லை,” என்றாள் தக்சிகா. “நான்தான் இழுத்தனான். இறுகுமெண்டு நினைச்சு இழுத்திட்டன்.”

பெனடிக்ற் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். ஏசப் போகிறான் என்று றிப்காவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. எதற்காக அடித்துக்கொண்டது என்று அவளுக்கே சொல்ல வெட்கம். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“கழுதையெண்டாலும் நாலு தடியால போட்டிருக்கலாம். இனி உன்னை என்ன செய்யிறது? இஞ்ச வாடி நானாட்டான் கழுதை, இரு இதில.”

அவளை மணலில் இருத்தி, பின்னால் தான் இருந்து, அவள் கைமேல் தன் கையை வைத்து அந்தக் கட்டைச் சொல்லிக் கொடுத்தான். கண்ணி எப்படி விழ வேண்டும், வால் எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்று ஆறுதலாக, திருப்பித் திருப்பி. அவள் பிழைவிட, அவன் சிரிக்க, அவள் முழங்கையால் குத்த, மறுபடியும் முதலிலிருந்து. றிப்காவுக்கு அவன் அந்தக் கட்டை ஒருதரம்தான் காட்டினான். “கண்டியோ? கட்டு பாப்பம்” என்று கயிற்றை எறிந்துவிட்டுப் போனான். அவள் முதல் தரமே சரியாகக் கட்டினாள். அது பெருமை என்று அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். பிழைவிட்டிருந்தால் பக்கத்தில் வந்து இருந்திருப்பான் போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது தக்சிகா பக்கத்தில் வந்து நின்றாள். தண்ணீர் மோட்டர் ஓடாததால் எல்லோரும் வாளியும் கையுமாகத்தான் இருந்தார்கள்.

“மச்சாள், ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது.”

றிப்கா கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

“அண்டைக்கு நீங்கள் வாயைத் திறந்தனீங்கள். நான் கண்டனான். பிறகு மூடினீங்கள்.”

வாளி கிணற்றின் சுவரில் மோதிச் சத்தம் போட்டது.

“உங்களுக்குக் கூச்சமெண்டு அவர் சொல்லியிருக்கிறார். கூச்சமாத்தான் இருக்கும்,” என்றாள் தக்சிகா. அவள் குரலில் சிரிப்பு இல்லை. “நான் அவரிட்டச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். மாமி அந்தப் பந்தலடியில நிண்டிருந்தா எண்டு நினைக்கத்தான் எனக்கு நித்திரை வருகுதில்லை. உங்களுக்கு வருகுதே?”

மறுமொழிக்கு நிற்காமல் அவள் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். றிப்கா கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டை பிடித்திருந்தால், முடியைப் பிடித்து இழுத்திருந்தால் தாங்கியிருப்பாள். இப்போது அண்ணனுக்கும் தனக்கும் நடுவில் இவள் ஒரு கதவு போல நிற்கிறாள். பூட்டி, திறப்பையும் மடியில் செருகிக்கொண்டு, திறக்கமாட்டேன் என்று நல்ல பிள்ளை போலச் சத்தியமும் செய்துவிட்டாள். அந்த நல்ல குணமும் அவளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு கிழமைக்குள் புதுக் குழாய் கிடைத்தது. றசாக் நானா எங்கோ தேடிப் பிடித்துத் தந்தார். பெனடிக்ற் இறக்கைகளை வெட்டிக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் றிப்காவின் முற்றத்தில் வைத்தான். அவள் விரல் நுனி தேயத் தேய உரஞ்சினாள். இப்படி வழுவழுவென்று முன்பு ஒருநாளும் வந்ததில்லை. தராசில் தொங்கவிட்டபோது முள் அசையவில்லை. “நல்லா வந்திருக்கு” என்றான் பெனடிக்ற். அந்த இரண்டு சொல்லும் போதவில்லை. முன்பென்றால் அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் இருந்திருப்பாள்.

கம்பம் ஏற்றும் நாளில் ஊரில் பாதி வளவுக்குள் நின்றது. எல்லோர் கையிலும் செத்துப்போன போன்கள். றசாக் நானா பற்றரியைச் சைக்கிளிலிருந்து இறக்காமலே நின்றார். காற்று காலையில் அடங்கித்தான் இருந்தது. மனிதர் கூடக் கூட அதுவும் கூடி வந்தது.

“சரி, இண்டைக்குக் கயிறு ஆர்?” என்று றசாக் நானா கேட்டார்.

பெனடிக்ற் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் தக்சிகா முந்திக்கொண்டாள்.

“மச்சாள் பிடிக்கட்டும். அவவின்ர கைதானே உறுதி. நான் உங்களோட கீழ நிக்கிறன்.”

சொல்லிவிட்டு, கயிற்றின் சுருளை எடுத்து வந்து றிப்காவின் கையில் வைத்தாள். கோயில் வாசலில் கையேந்துகிறவர்களுக்குப் போடுவது போல மெதுவாக, பணிவாக வைத்தாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. “பாத்தியளே, மச்சாள் மச்சாளுக்கு விட்டுக் குடுக்கிறதை!” என்று யாரோ ஒரு பெண் சொன்னாள்.

கயிறு அவள் கைக்கு வந்துவிட்டது. அவள் கேட்டது அதுதான். இப்படி வரும் என்று கேட்கவில்லை.

“பிடி!” என்றான் பெனடிக்ற்.

கம்பம் தரையை விட்டு எழும்பியது. அவன் தோள் கொடுத்தான். தக்சிகா நுனி பிளந்த கவர்த் தடியால் முட்டுக்கொடுத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே, தோளோடு தோள் ஒட்டி வந்தாள். றிப்கா வளையத்தில் சுற்றிய கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தாள். கம்பம் அவர்களின் தலைக்கு மேலே போன நேரத்தில்தான் சோழகம் முழுப் பலத்தோடு வந்தது. புது இறக்கைகளில் மோதி, கம்பத்தைத் திருப்பி அவர்கள் மேல் தள்ளியது. கயிறு கையை அரிந்துகொண்டு ஓடியது. ஊர் “யேசுவே!” என்று கத்தியது.

கீழே இரண்டு பேர். ஒருவரைத் தனியாகப் பிரித்துப் பிடிக்க முடியாது. பிடித்தால் இருவரையும் பிடிக்க வேண்டும். அது அவள் மனதில் ஓடியதா, கையில் ஓடியதா தெரியாது. கயிற்றோடு சேர்ந்து மணலில் விழுந்து, இரண்டு காலையும் நங்கூர வளையத்தில் உதைத்துக்கொண்டு, முதுகால் படுத்து இழுத்தாள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. கயிறு நின்றது. பிறகு விரல் விரலாகத் திரும்பி வந்தது. கம்பம் நிமிர்ந்து நேரானது.

காற்றாடி ஒருமுறை தயங்கி, சோழகத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கிணற்று மோட்டர் இரைந்தது. தாங்கிக் குழாய் இருமி இருமித் தண்ணீர் துப்பியது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு அதற்குக் கீழே ஓடினார்கள். பெனடிக்ற் கவர்த் தடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தக்சிகாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான்.

“பயந்திட்டியோ? எங்கயும் பட்டதே? காலைக் காட்டு!”

“ஒண்டுமில்லை, விடுங்கோ. ஆக்கள் பாக்கினம்!”

அவன் திரும்பி, “றிப்கா, கட்டு!” என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து மனைவியின் காலைப் பார்த்தான்.

றிப்கா கட்டினாள். கண்ணி போட்டாள். வாலைத் தொங்கவிடும் இடம் வந்தது. தொங்கவிடவில்லை. நுனியை வளையத்துக்குள்ளால் விட்டு எடுத்து, மறுபடியும் விட்டு எடுத்து, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினாள். மிச்சக் கயிற்றைக் கட்டுக்குள்ளேயே சொருகினாள். வாலே இல்லாமல் செய்தாள். கையிலிருந்த இரத்தம் அதில் ஊறியது. உப்பும் வெயிலும் பட்டால் கல்லாகிவிடும். இனி அந்தக் கம்பத்தை இறக்குவதென்றால் கத்தி வேண்டும். விடு என்றும் பிடி என்றும் அண்ணன் சொல்ல, அந்த இடத்தில் நின்று யாரும் கேட்கத் தேவையில்லை.

எழும்பியபோது தக்சிகா முன்னால் நின்றாள். கையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல். அவள் கண் கட்டில் விழுந்தது, பிறகு மணலில் சொட்டியிருந்த இரத்தத்தில் விழுந்தது, பிறகு றிப்காவின் முகத்துக்கு வந்தது.

“மச்சாள், இதென்ன கட்டு? அவர் இப்பிடிக் கட்டக்கூடாதெண்டல்லோ...” என்று தொடங்கி நிறுத்தினாள். “கையைக் காட்டுங்கோ.”

தொண்டை அடைக்கவில்லை. அன்று முதல் தடவையாக அது கிணறு போலத் திறந்து கிடந்தது. என்ன கேட்டாலும் சொல் வந்திருக்கும். றிப்கா கையை மூடி, சட்டையின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டு நின்ற ஊரைத் தாண்டி, அண்ணனின் முதுகைத் தாண்டி, வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் அந்தப் பக்கம் போனாள்.